அமீனா கேட்ட மூன்று

கசாக்கு நாட்டில், எங்கள் கெகென் பள்ளத்தாக்கில் குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பதைப் போல ஒரு கேடு வேறு கிடையாது. ஒராஸ்பாய்க்கு அந்தக் கேடு இரண்டு வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட அவனுடைய குதிரை காஸ்கா, மாவட்டப் பந்தயத்தில் முப்பத்தொரு குதிரைகளைப் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்து, ஒரு சலவை இயந்திரத்தைப் பரிசாக வாங்கிக்கொடுத்தது.

அவன் தெருவில் குழாயே கிடையாது. தண்ணீர் வாளியில்தான் வரும். அதனால் அவன் மனைவி செய்னெப் இயந்திரத்தின் மேல் ஒரு பூத்துணியை விரித்து டிவியை வைத்துவிட்டாள். அதோடு விட்டிருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஊர் விடுமா? "விருந்து எப்போ?" என்று எதிர்ப்பட்டவனெல்லாம் கேட்டான். ஜெயித்துவிட்டு விருந்து வைக்காதவன் முகத்தில் யார் விழிப்பார்கள்? பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடுகிற வேலை ஒராஸ்பாய்க்கு. அந்தச் சம்பளத்தைக் காட்டி வட்டிக்கடையில் ஒன்பது லட்சம் தெங்கே வாங்கினான். நூற்று அறுபது பேர் சாப்பிட்டார்கள். பாடகர் வந்தார். பாடகரோடு, கூப்பிடாமலே, அவருடைய மச்சான்கள் நாலு பேர் வந்தார்கள்.

மூன்று தவணை கட்டினான். அப்புறம் கட்டவில்லை. கடுதாசி ஒவ்வொன்றாக வந்தது, மொத்தம் நாலு. ஒராஸ்பாய் ஒன்றையும் பிரிக்கவில்லை. சலவை இயந்திரத்தின் ஒரு கால் குட்டையாக இருந்து டிவி ஆடிக்கொண்டே இருந்ததால், வந்த கடுதாசியை மடித்து மடித்து அதன் அடியில் சொருகினான். நாலாவது வந்தபோது டிவி நேராக நின்றது. அதில் அவனுக்குப் பெரிய திருப்தி.

அந்த நாலாவதுதான் கோர்ட்டுத் தீர்ப்பு. வட்டியும் செலவும் சேர்த்துப் பதின்மூன்று லட்சத்து எண்பதாயிரம். கட்டாவிட்டால் ஜப்தி. இது அவனுக்கு, கோர்ட்டு அமீனா தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வீட்டுப் பொருள்களை எழுதிக்கொள்ள வருகிறானாம்.

எழுதுவதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? பதின்மூன்று லட்சம் பெறுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கொட்டிலில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"மலைக்கு ஓட்டிட்டுப் போயிருங்க. ஒரு வாரம் கண்ணுல படாம இருக்கட்டும்" என்றாள் செய்னெப்.

"ஒளிச்சு வைக்கிறதா? பந்தயத்துல ஜெயிச்ச குதிரைய ஒளிச்சு வைக்கிறவன் மீசை வச்சு என்னத்துக்கு?"

"உங்களுக்கு மீசையே கிடையாதே."

"பேச்சுக்குச் சொன்னேன். ஏய், என்கிட்ட ஒரு வழி இருக்கு. வர்றவன் கசாக்குதானே? ஏழு தலைமுறை எண்ணினா எவனா இருந்தாலும் எங்கேயாவது சொந்தமா வந்து மாட்டுவான். சொந்தக்காரன் வீட்டுக் குதிரைய எந்த அமீனா எழுதுவான்?"

சொந்தத்தைப் பிடிக்கச் சாப்பாடு வேண்டும். பக்கத்து வீட்டுக் காம்சாவிடம் ஒரு செம்மறியாட்டைக் கடனுக்கு வாங்கினான். கடனுக்கு ஜப்தி செய்ய வருகிறவனுக்குக் கடன் வாங்கி ஆடு அடிக்கிற புத்தி எங்கள் பக்கத்து ஆள்களுக்கு மட்டுமே வரும். இந்தக் காம்சா சாதாரண ஆள் இல்லை. வம்சக் குழு என்று கைபேசியில் ஒன்று நடத்துகிறான். இருநூற்றுப் பதின்மூன்று பங்காளிகள் அதில் இருக்கிறார்கள். யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான். ஒராஸ்பாய் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். ஆனாலும் குரல்பதிவுதான் அனுப்புவான். அவன் பேசுவது முதலில் சுவருக்கு மேலே கேட்கும், பிறகு கைபேசியில் இன்னொரு தடவை கேட்கும்.

வியாழக்கிழமை அமீனாவின் கார் கடைசித் திருப்பத்துச் சேற்றில் வயிறு வரை புதைந்தது. ஒராஸ்பாய் காஸ்காவைக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தான். ஜப்தி செய்ய வந்தவனை ஜப்தியாக வேண்டிய குதிரையே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் சேர்த்தது.

காரிலிருந்து இறங்கியவன் ஒல்லியான பையன். இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். நகரத்துச் செருப்பு, கக்கத்தில் கோப்பு. பேர் தொலெகென். குதிரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நன்றிங்கய்யா" என்றான். ஒராஸ்பாயிடம் சொன்னானா காஸ்காவிடம் சொன்னானா என்று புரியவில்லை.

"உள்ள வாங்க தம்பி, டீ குடிப்போம்."

"இல்லங்கய்யா. எழுதப் போற வீட்டுல சாப்பிடக்கூடாது. விதி இருக்கு."

"ரொட்டிய வாய்ல வைக்காம இந்த வாசலத் தாண்டிப் போனவங்க கிடையாது" என்றாள் செய்னெப். "விதி உங்க ஆபீஸ்ல இருக்கட்டும். நின்னுக்கிட்டே ஒரு துண்டு கிள்ளிக்கோங்க."

நின்றுகொண்டே ஒரு துண்டு கிள்ளினான். ரொட்டி விக்கியது, டீ கொடுத்தாள். டீயை நின்றுகொண்டு குடிக்க முடியாது, உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முன்னால் பொரித்த மாவுருண்டையும் ஆட்டுக் கறியும் தட்டோடு வந்தன. பத்து நிமிஷத்தில் கோப்பு மெத்தைக்கு அடியில் இருந்தது, அமீனா கை நக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி எந்தக் கிளை?" என்று ஒராஸ்பாய் மெல்ல ஆரம்பித்தான்.

அப்பா வழியில் ஒன்றும் தேறவில்லை. வடக்கே எங்கோ, வேறு கிளை, வேறு ஆறு. ஒராஸ்பாய் ஏழு தலைமுறை வரை தோண்டிப் பார்த்து வியர்த்துப்போனான்.

"சரி, அம்மா?"

தொலெகென் கோப்பையைக் கீழே வைத்தான். "அம்மா இந்தப் பள்ளத்தாக்குதான்னு சொல்லும். ஊர்ப் பேரு சொல்லாது. அப்பாகூட லாரில ஓடி வந்துருச்சாம். அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்ல. பேரு நூர்பிகெ. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தவறிருச்சு."

ஒராஸ்பாய் அந்தப் பேரைக் குழுவில் போட்டான். அரை நிமிஷத்தில் சுவருக்கு மேலே காம்சாவின் குரல் எழுந்தது. "நூர்பிகெயா? தோஸ்காலி பேத்தி நூர்பிகெ! உன் தாத்தாவும் தோஸ்காலியும் கூடப் பொறந்தவங்கடா! உனக்குத் தங்கச்சி முறைடா அவ! முப்பது வருஷமா போச்சேடா!" பிறகு இதே சேதி கைபேசியிலிருந்தும் வந்தது.

ஒராஸ்பாய் துள்ளி எழுந்தான். "மருமகனே!" என்று தொலெகென்னைக் கட்டிப்பிடித்தான். நெஞ்சோடு அழுத்தினான். கண்ணீர் உண்மையாகவே வந்தது. நூர்பிகெயை அவனுக்கு ஞாபகம் இருந்தது. சேணம் இல்லாமல் குதிரை ஏறுகிற பெண். அதைவிட உண்மையாக, காஸ்கா தப்பித்துவிட்டது. "நான் உன் தாய்மாமன்டா! மாமான்னு கூப்பிடு!"

"மாமா" என்றான் தொலெகென். அந்தச் சொல்லை அவன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லிப் பழகியிருக்கவில்லை. சொல்லிவிட்டுக் காது சிவந்தான்.

செய்னெப் மட்டும் சிரிக்கவில்லை. கறித்தட்டை வைத்துவிட்டுப் புருஷனை அடுப்பங்கரைக்குள் இழுத்துப்போனாள்.

"உங்களுக்குத் தலைக்குள்ள ஏதாவது இருக்கா? சித்தப்பன்னு கண்டுபிடிச்சிருக்கலாம், பெரியப்பன்னு கண்டுபிடிச்சிருக்கலாம். மருமகனக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"அதுக்கென்ன?"

"தாய்மாமன் வீட்டுல மருமகன் மூணு கேக்கலாம். எது கேட்டாலும் கொடுக்கணும். அவன் வந்ததுல இருந்து ஜன்னல் வழியா எதப் பார்த்துக்கிட்டிருக்கான்னு பார்த்தீங்களா?"

ஒராஸ்பாய் எட்டிப் பார்த்தான். தொலெகென் காஸ்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அமீனாவா வந்து எடுத்தா கடனாவது கழிஞ்சிருக்கும்" என்றாள் செய்னெப். "மருமகனா கேட்டு எடுத்தா குதிரையும் போச்சு, கடனும் அப்படியே நிக்கும்."

இல்லை என்று சொல்லிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. மருமகனுக்கு இல்லை என்று சொன்னவன் கை ஆயுளுக்கும் நடுங்கும் என்பது பள்ளத்தாக்கில் யாரும் சந்தேகப்படாத விஷயம். காம்சாவின் சித்தப்பா ஒரு ஆட்டுக்குட்டியை இல்லை என்று சொல்லிவிட்டுச் சாகிற வரைக்கும் சூப்புக் கிண்ணத்தை மடியில் கொட்டிக்கொண்டே இருந்தார். ஒராஸ்பாய் டீ ஊற்றப் போனான். இப்போதே பாதி தட்டில் விழுந்தது.

இதற்குள் குழு கொதித்துக்கொண்டிருந்தது. நூர்பிகெ மகன் கிடைத்துவிட்டான், முதல் தடவையாக மாமன் வீட்டுக்கு வந்திருக்கிறான், என்ன கேட்டான், ஒராஸ்பாய் என்ன கொடுத்தான் என்று அஸ்தானாவிலிருந்து ஒருவர் கேட்டார். குதிரைக்காரன்தானே, குதிரையைத்தான் கொடுப்பான் என்று இன்னொருவர் பதில் போட்டார். அதற்கு நாற்பது கைதட்டல்.

போதாததற்குத் தொலெகென் வேறு ஒரு குண்டைப் போட்டான். "மாமா, சொந்தம்னு தெரிஞ்ச பிறகு இந்தக் கேஸை நான் பார்க்கக்கூடாது. திங்கக்கிழமை ரவுஷான் அக்காகிட்ட மாத்திக் கொடுத்துருவேன்."

ரவுஷான் என்ற பெயர் கெகென் வரைக்கும் தெரியும். கல்யாண வீட்டுக்கு ஜப்திக்குப் போய், வெட்டாத கேக்கை எடையோடு எழுதிக்கொண்டு வந்தவள்.

ஒராஸ்பாய் கொட்டிலுக்கு ஓடினான். காஸ்காவின் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன் வாழ்நாளிலேயே கேவலமான காரியத்தைச் செய்தான். குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான். "பங்காளிகளே, இத்தனை நாள் சொல்லாம இருந்தேன். எங்கப்பா தத்துப்பிள்ளைன்னு ஒரு பேச்சு உண்டு. அதனால நூர்பிகெ எனக்கு ரத்த சம்பந்தம் கிடையாதுன்னு நினைக்கிறேன். அவசரப்பட வேண்டாம்."

அல்மாட்டியிலிருந்து அவன் அத்தை உடனே பதில் போட்டாள். "உங்கப்பன் மூக்கும் எங்கப்பன் மூக்கும் ஒரே மூக்குடா. மூக்கையும் தத்து எடுத்தாங்களா? வெக்கங்கெட்டவனே."

அதை விடக் கொடுமை, காம்சா எல்லாவற்றையும் சத்தமாக வைத்துக் கேட்கிற ஆள். ஒராஸ்பாயின் குரலும் அத்தையின் குரலும் சுவருக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து முற்றமெல்லாம் கேட்டன.

ஒராஸ்பாய் வெளியே வந்தபோது தொலெகென் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். கோப்பு கக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

"பரவாயில்லங்கய்யா" என்றான். மாமா போய் மறுபடி ஐயா வந்துவிட்டது. "சொந்தம் வேண்டாம்னா விட்டுருங்க. எங்களுக்குப் பழக்கம்தான். அம்மா சொல்லும், போனா சேர்த்துக்க மாட்டாங்கன்னு."

ஒராஸ்பாய்க்கு அசிங்கமாக இருந்தது. செத்துப்போன தங்கையின் பிள்ளை வாசலில் நிற்கிறான், தான் ஒரு குதிரைக்காகச் சொந்த அப்பனையே தத்துப்பிள்ளை ஆக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காஸ்காவைத் திரும்பிப் பார்த்தான். போனால் போகட்டும்.

"செருப்பக் கழட்டு மருமகனே. எங்கப்பா தத்துப்பிள்ளை இல்ல, நான்தான் மடையன். கேளு. உனக்கு மூணு உண்டு. எது வேணாலும் கேளு."

செய்னெப் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொலெகென் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். கொட்டிலைப் பார்த்தான். "அந்தக் குதிர..."

ஒராஸ்பாய் கயிற்றை அவிழ்க்கக் கொட்டில் பக்கம் திரும்பினான்.

"அது மேல ஒரு தடவ ஏறணும் மாமா."

"ஏறணுமா?"

"ஏறினதே இல்ல. நாங்க இருந்தது அஞ்சாவது மாடி. அம்மாதான் சொல்லிக்கிட்டே இருக்கும், இந்தப் பள்ளத்தாக்குக் குதிரை மேல ஒரு தடவையாவது உன்னை உட்கார வச்சுப் பார்க்கணும்னு."

"ஏறினா போதுமா? எடுத்துக்க வேண்டாமா?"

"அஞ்சாவது மாடிக்கா?"

ஒராஸ்பாய் அவனை அப்படியே தூக்கிக் காஸ்கா மேல் உட்காரவைத்தான். மகிழ்ச்சி தாங்காமல் செய்த அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டான். பந்தயக் குதிரையின் பின்புறத்தில் தட்டக்கூடாது. தட்டிவிட்டான்.

காஸ்காவுக்குத் தெரிந்தது ஒரே பாதைதான், பந்தயப் பாதை. கதவைத் தாண்டியது, ஓடையைத் தாண்டியது, மேட்டில் ஏறி மறைந்தது. கடைசியாகத் தெரிந்தது, கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த ஒரு அமீனாவும், அவன் கக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று பறந்த காகிதங்களும்தான். செய்னெப் புல்வெளியெல்லாம் ஓடி ஓடிப் பொறுக்கினாள். கோர்ட்டு முத்திரை போட்ட தாள் ஒன்றைக் காம்சாவின் ஆடு மென்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பிடுங்கினாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் காஸ்கா எதுவுமே நடக்காதது போலத் திரும்பி வந்து கொட்டில் முன்னால் நின்றது. தொலெகென் ஒரு காலில் செருப்போடு இறங்கினான். முகமெல்லாம் சேறு, காதுவரை சிரிப்பு.

"அம்மா பொய் சொல்லல மாமா" என்றான். பிறகு குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான்.

உள்ளே வந்து முகம் கழுவிய பிறகு, "ரெண்டாவது" என்றான். "அந்தக் கடுதாசியெல்லாம் எங்க மாமா? நாலு வந்திருக்கணுமே."

ஒராஸ்பாய் தயங்கித் தயங்கிச் சலவை இயந்திரத்தின் காலைக் காட்டினான். உருவி எடுத்தார்கள். டிவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நாலாவதுல கடைசி வரி படிங்க."

ஒராஸ்பாய் எழுத்துக்கூட்டி வாசித்தான். ஒரேயடியாகக் கட்ட முடியாதவர், தவணை கேட்டுக் கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம். மனு ஏற்கப்பட்டுத் தவணை தவறாமல் கட்டப்படும்வரை சொத்துக்கள் ஜப்தி செய்யப்பட மாட்டா.

"இது இதுலயே இருந்துச்சா?"

"முதல் கடுதாசில இருந்தே தவணை கேக்கலாம்னு இருக்கு."

செய்னெப் புருஷனைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

செய்னெப் பொறுக்கி வைத்த காகிதங்களிலிருந்து தொலெகென் ஒரு மனுத்தாளை எடுத்து நீட்டினான். "இப்ப நான் அமீனா இல்ல, மருமகன். எனக்காக இந்த மனுல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே கோர்ட்டுல கொடுங்க. நீதிபதி சரின்னுட்டா, திங்கக்கிழமை ரவுஷான் அக்கா வந்தாலும் குதிரைய எழுத மாட்டாங்க. ஆனா மாசம் நாப்பதாயிரம், ஒரு மாசம்கூட தவறக்கூடாது. தவறினா அக்கா வாளியக்கூட விட மாட்டாங்க. நான் தலையிட முடியாது."

ஒராஸ்பாய் கையெழுத்துப் போட்டான். கை நடுங்கவில்லை. அதை எல்லாருக்கும் நீட்டிக் காட்டினான்.

அவ்வளவுதான் விஷயம், சுபம் என்று நினைத்தபோது சுவர் பேசியது. "ஒராஸ்பாய்! மருமகன் குதிரை ஏறிட்டானாம், ஊரே பார்த்துச்சாம்! முப்பது வருஷம் கழிச்சு நூர்பிகெ வீடு திரும்பின மாதிரிடா! விருந்து எப்போ?"

குழுவில் அதே கேள்வி மழையாகக் கொட்டியது. அல்மாட்டி அத்தை கோபத்தை மறந்து பஸ்ஸில் இடமே பதிவு செய்துவிட்டாள். பாடகர் அடுத்த வாரம் சும்மாதான் இருக்கிறாராம், மச்சான்களோடு. காம்சாவிடம் விருந்துக்கு அடித்துச் சமைக்கக் கொழுத்த பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறதாம். காசு மெல்லக் கொடுத்தால் போதுமாம்.

ஒராஸ்பாயின் நெஞ்சு நிமிர்ந்தது. தங்கை மகன் கிடைத்திருக்கிறான். இதற்கு விருந்து வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? முகம் மலர்ந்துபோய்க் கைபேசியை எடுத்தான். "அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்க, பெட்டைக் குதிரை அடிக்கிறோம்" என்று தட்டினான். அனுப்பியும் விட்டான்.

"என்னங்க அனுப்பினீங்க?" என்று செய்னெப் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தொலெகென் செய்னெப்பைப் பார்த்தான், சாய்ந்த டிவியைப் பார்த்தான், ஜன்னல் வழியாகக் காஸ்காவைப் பார்த்தான்.

"மாமா, மூணாவது இன்னும் கேக்கல."

"கேளுடா! சேணம் வேணுமா? என் மேலங்கி? இந்த மெஷின எடுத்துக்கோ, உங்க வீட்டுல தண்ணி வரும்."

"எனக்காக விருந்து வைக்கக்கூடாது."

ஒராஸ்பாய்க்குக் காது அடைத்தது. "அது... அது எப்படிடா முடியும்? ஊரு என்ன சொல்லும்? நூர்பிகெக்காவது ஒரு வேளைச் சோறு..."

"அம்மாவுக்குப் பிடிச்சது குதிரை. சோறு இல்ல."

"வேற எதுனாலும் கேளு மருமகனே. காஸ்காவ வேணும்னாலும் கேளு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. குதிரையைக் கொடுத்துவிடலாம், விருந்தை விட முடியாது. இப்படி ஒரு மனிதன் கோர்ட்டில் போய் நிற்காமல் வேறு எங்கே போய் நிற்பான்? ஒராஸ்பாய் தன் வலது கையைப் பார்த்தான். அது நடுங்க ஆரம்பித்திருந்தது. நிஜமாகவே நடுங்கியது.

நடுங்குகிற கட்டைவிரலால் அந்தச் செய்தியைத் தேடி அழித்தான். விரல் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

இருநூற்றுப் பதின்மூன்று பங்காளிகளின் கைபேசியில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று விழுந்தது. என்ன செய்தி, என்ன செய்தி என்று எல்லாரும் கேட்டார்கள். சுவருக்கு மேலே காம்சாவின் தலையே வந்துவிட்டது.

"என்னடா அழிச்ச? விருந்து உண்டா இல்லையா?"

"இல்ல. மருமகன் மூணாவதா ஒண்ணு கேட்டான், கொடுத்துட்டேன்."

"என்னத்த? குதிரையவா?"

"அதைவிடப் பெருசு" என்றான் ஒராஸ்பாய். அவன் கண் கலங்கியிருந்தது. கையை நீட்டிப் பார்த்தான். நடுக்கம் நின்றிருந்தது.